பங்களா ரோட்டைத் தவிர மற்ற எல்லா வழிகளும்

தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்திலிருந்து தலவாக்கலை டவுனுக்கு இறங்க நாலு வழி இருந்தது. கல்யாணமாகி வந்த முதல் வருஷத்தில் அதில் மூன்று வழிகளில் என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நாலாவதுதான் நல்ல வழி. கார் போகிற அகலம். ஏற்ற இறக்கம் தெரியாமல் மலையை வளைத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் சைப்பிரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும். தோட்டத்துத் துரையின் பங்களா வாசலைத் தொட்டுக்கொண்டு போவதால் அதற்குப் பங்களா ரோடு என்று பேர். அந்த ரோட்டில் மட்டும் அவர் என்னைக் கூட்டிப் போகமாட்டார்.

நான் தோட்டத்தில் பிறந்தவள் இல்லை. கொத்மலைப் பக்கம் ஒரு சின்னக் கடைத்தெருவில் என் அப்பா தையல் மெஷின் போட்டிருந்தார். சாயங்காலம் மெஷினை மூடிவிட்டு அப்பாவும் அம்மாவும் கடைத்தெருவில் ஒன்றாக நடந்து வருவார்கள். ஒருத்தர் முன்னே, ஒருத்தர் பின்னே இல்லை. தோளோடு தோள். கல்யாணமானால் நானும் அப்படித்தான் நடப்பேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் வாய்த்தது குறுக்குப் பாதை. தேயிலைக்கு நடுவில் ஒரு ஆள் போகிற அகலம்தான் இருக்கும். அவர் முன்னே போவார், நான் பின்னே. அவர் சொல்வதில் பாதி காற்றோடு போய்விடும். கல்யாணமான புதிதில் அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. முதுகை வைத்தே அவர் சிரிக்கிறாரா, முறைக்கிறாரா என்று சொல்லிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அவர் கொடியில் கிடக்கும் துண்டை எடுத்துத் தலையில் கட்டுவார். என் அப்பா சீராகக் கொடுத்த கறுப்புக் குடையைக் கையில் எடுப்பார். நாங்கள் நடக்கக் கிளம்பிவிட்டோம் என்று அர்த்தம். டவுனில் வேலை இருந்தால் டவுன் வரைக்கும் போவோம். இல்லையென்றால் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புவோம். இதைப் பார்த்து லயமே வாயைப் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், தலை முழுகிவிட்டுத் தூங்க வேண்டும். சும்மா நடப்பதை யார் கண்டார்கள்?

லயத்து அறையைக் காம்பிரா என்போம். அடுத்த காம்பிராவில் ஒரு அக்கா இருந்தார். என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிசு.

"ஆறு நாளும் மலையேறி இடுப்பு ஒடியுது. ஏழாம் நாளும் மலையேறுதுங்களே ரெண்டும்! வேப்பிலை அடிச்சாத்தான் சரிவரும்" என்று எங்கள் காதில் விழும்படியே சொல்வார்.

அவருக்கு இன்னும் பெரிய வேடிக்கை ஒன்று கிடைத்தது. ஆற்றோரக் குறுக்குப் பாதையில் அட்டை அதிகம். காட்டு நிழலும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்தானே. அந்தப் பாதையில் போவதென்றால் கிளம்புவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் துணி துவைக்கிற சவர்க்காரத்தைத் தண்ணீரில் நனைத்து என் காலில் முழங்கால் வரைக்கும் பூசிவிடுவார். சவர்க்காரம் இருந்தால் அட்டை ஏறாது. இதைக் காம்பிராவுக்குள் வைத்துச் செய்தால் என்ன? வெளிச்சம் போதாது என்று வாசல் திண்ணையான இஸ்தோப்பில் என்னை உட்காரவைத்து, ஊர் பார்க்க, குனிந்து உட்கார்ந்து பூசுவார்.

"ஆத்தாடி, பொஞ்சாதி கால்ல விழுற ஆம்பளைய இன்னைக்குத்தான்டி பாக்குறேன்" என்று அக்கா கூவ, லயமே வந்து எட்டிப் பார்க்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். அவர் காதில் வாங்கிக்கொள்ளவேமாட்டார். கணுக்காலுக்குப் பின்னால் விட்டுப்போனதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது?

இரண்டாவது பாதை கோயில் மேட்டைத் தாண்டிப் புல் மலைக்கு ஏறி, அந்தப் பக்கம் டவுனுக்கு இறங்குவது. அங்கே தேயிலை முடிந்து, இடுப்பளவு மானாப்புல் நிற்கும். கையை வீசி நடந்தால் புல் அறுத்துவிடும். மேலே ஏறிவிட்டால் காற்று ஆளைத் தள்ளும். குடையை விரித்தால் சட்டென்று மேல்பக்கமாக மடங்கிவிடும். அங்கிருந்து கீழே ரயில் போவது தெரியும். வானம் வெளுத்திருந்தால் தூரத்தில் சிவனொளிபாதமலையும் தெரியும் என்பார். நான் போன நாளெல்லாம் மேகம்தான் கிடந்தது.

"அந்தா, அந்தக் கூம்பு மாதிரி. தெரியுதா?"

"தெரியுதுங்க."

தெரியவில்லை என்றால் இன்னொரு மேடு ஏற்றுவார். அதற்குப் பயந்து சொன்ன பொய் அது. அவருக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? மலையைத் தானே கட்டிவைத்த மாதிரி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது வழிதான் மூன்றிலும் நீளம். பக்கத்துத் தோட்டத்தின் ஓரமாகப் போய், சிங்கள ஆட்கள் இருக்கும் ஊருக்குள் புகுந்து, பலா மரங்களுக்கு நடுவில் இறங்கி டவுனுக்குப் போகும். அங்கே ஒரு வீட்டு அம்மா வேலியோரத்தில் நின்று எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறார்.

"நிக்கங்" என்பார் என் வீட்டுக்காரர். சும்மாதான் என்று அர்த்தம்.

சும்மா இவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்று அந்த அம்மா எங்களை மேலும் கீழும் பார்ப்பார். ஓடி வந்து கல்யாணம் செய்துகொண்ட ஜோடி என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு நாள் எங்கள் மேல் இரக்கப்பட்டு அவித்த பலாக்கொட்டையை இலையில் வைத்துக் கொடுத்தார். இவர் வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் போலத் தலையை ஆட்டினார். வழியெல்லாம் அதைத் தின்றுகொண்டே சிரித்துக்கொண்டு வந்தோம்.

இப்படி மூன்று வழியும் அத்துப்படி ஆன பிறகு நான் நச்சரிக்க ஆரம்பித்தேன். பங்களா ரோட்டில் போனால் சேர்ந்து நடக்கலாம், பேசிக்கொண்டு நடக்கலாம், சேலையில் சேறு படாது.

"அந்த ரோட்டுல என்னா இருக்கு? கார் புகைதான் இருக்கு" என்பார்.

"ரெண்டு பேரு சேந்து நடக்கலாம்ல?"

"இங்கயும் சேந்துதான நடக்குறோம்."

"முதுகுக்குப் பின்னாடி நடக்குறது சேந்து நடக்குறதா?"

அதற்கு முதுகு பதில் சொல்லாது.

காரணம் எனக்கு ஒரு நாள் தானாகவே தெரிந்தது. அன்றைக்குப் பங்களா ரோட்டுக்கு மேலே இருக்கும் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். சின்னத் தூறல். கீழே ரோட்டில் ஒரு குடை வருகிறது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற வேலை முடிந்து இவர்தான் வந்துகொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வளைவில் துரையின் கார் சத்தம் கேட்டது.

காரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, சத்தம் காதில் விழுந்ததுமே, அவர் குடையை மடக்கினார். தலைத் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். ரோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கினார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். குனிந்த தலையோடு நின்றார். கார் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு மேலே ஏறினார்.

அது அங்கே பழக்கம். துரை வந்தால் தொழிலாளி குடையை மடக்க வேண்டும், தலைத் துண்டை எடுக்க வேண்டும், ரோட்டை விட்டுக் கானில் இறங்கி நிற்க வேண்டும். எங்கள் துரையைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவர் யாரையும் இறங்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொல்ல வேண்டிய தேவையே வராதபடி எங்கள் ஆட்களின் கால்கள் பழகியிருந்தன. அந்த நாட்களில் தொழிற்சங்கத்து ஆட்கள் வந்து கூட்டம் போட்டு, இனிமேல் யாரும் கானில் இறங்க வேண்டாம், ரோடு எல்லோருக்கும் சொந்தம் என்று பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட ஓங்கிக் கை தட்டியவர் என் வீட்டுக்காரர். வீட்டுக்கு வந்து எனக்கும் அதே பேச்சை ஒரு தரம் பேசிக் காட்டினார். கை கேட்டுக்கொண்டது, வாய் கேட்டுக்கொண்டது. கால் மட்டும் கேட்கவில்லை.

என் பக்கத்தில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காவும் அதைப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் கூவுகிறவர் அன்றைக்குக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டு ஆளும் அப்பிடித்தான்டி. வீட்டுக்குள்ள புலி" என்றார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைத்தெருவில் வளர்ந்த பெண், எவர் காருக்கும் எவரும் ஒதுங்கி நின்று பார்க்காத பெண், அவள் முன்னால் கானில் இறங்கி நிற்கக் கூடாது என்றுதான் இந்த மனுஷன் என்னை அட்டைக்காட்டிலும் மானாப்புல்லிலும் இழுத்துக்கொண்டு அலைந்தார் என்று புரிந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியக் கூடாது. என் முன்னால் அவர் முகம் விழக் கூடாது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் அதைவிடப் பெரிய காரியம் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே சவர்க்காரத்தை எடுத்து நீட்டினேன்.

"என்ன புள்ள, இன்னைக்கு பங்களா ரோடு கேக்கல?"

"அங்க என்னாங்க இருக்கு, கார் புகைதான் இருக்கு. ஆத்தோரம் போனா குளுகுளுன்னு இருக்கும்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அதன் பிறகு எனக்கு ஆற்றுப் பாதை உயிர் என்றும், புல் மலைக் காற்று படாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்றும் அவரே லயம் முழுக்கச் சொல்லி வைத்தார். ஒரு தரம் அட்டை ஒன்று சவர்க்காரத்துக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டு என் தொடை வரைக்கும் ஏறிவிட்டது. அப்போதும் நான், "ஆனாலும் இந்த வழி நல்லாத்தான் இருக்கு" என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே பாதி உண்மையாகிவிட்டது. ஆற்றின் சத்தமும் அவர் முதுகும் இல்லாத ஞாயிற்றுக்கிழமை சப்பென்று இருக்கும்.

இந்த நாடகம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு நான் முழுகாமல் இருந்தேன். வயிறு தெரிய ஆரம்பித்ததும் கால் இரண்டும் வீங்கிக்கொண்டன. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரய்யா என் கணுக்காலை அழுத்திப் பார்த்தார்.

"மலைக்குப் போறதை நிப்பாட்டு. ஆனா சும்மா படுத்திருக்கக் கூடாது. தெனமும் கொஞ்சம் நடக்கணும். ஏத்தம் எறக்கம் வேணாம். சமமான ரோட்டுல நடக்கணும், வெளங்குதா?"

இவருக்கு விளங்கியது. நன்றாகவே விளங்கியது. எங்கள் தோட்டத்தில் சமமான ரோடு என்று ஒன்றுதான் இருந்தது. லயத்து வாசலோ சாய்ந்து கிடக்கும். மழை பெய்தால் வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில்தான் நிற்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நானே, "வீட்டுக்குள்ளயே நடந்துக்குறேனுங்க" என்றேன். எங்கள் காம்பிராவில் நாலு எட்டு வைத்தால் சுவரில் முட்டும். அவர் என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓடி வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை.

"கெளம்பு புள்ள. பங்களா ரோட்டுல நடக்கலாம்."

எனக்குத் திக்கென்றது. என்ன ஏது என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, பங்களாவில் சமைக்கிற அப்புவைப் பிடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரை டென்னிஸ் விளையாடக் கிளப்புக்குப் போவார். போனால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் திரும்பமாட்டார். மற்ற நாளில் எப்போது ஸ்டோருக்கு வருவார், எப்போது சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார், எல்லாவற்றையும் அப்பு ஒப்பித்திருக்கிறார். அதற்குப் பிறகு எங்களுக்கு வழி தேடுகிற வேலை போய் நேரம் தேடுகிற வேலை வந்தது. அப்பு தான் சமைக்கிற குசினியின் கதவில் வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் கார் போய்விட்டது என்று அர்த்தமாம். துரையின் கார் போகிற வருகிற நேரம் துரையைவிட இவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

முதல் தரம் அந்த ரோட்டில் நான் அவர் பக்கத்தில் நடந்ததை எப்படிச் சொல்வது! சைப்பிரஸ் வாசம். காலுக்கடியில் ஒரு கல் உருளவில்லை. நடக்கும்போது அவர் தோள் என் தோளில் இடித்தது. பேசும்போது அவர் மூக்கு நுனி அசைவதை நான் அதுவரைக்கும் கவனித்ததே இல்லை. முதுகுக்கு மூக்கு கிடையாதே. நான் அவரையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"என்னத்தப் பாக்குற? ரோட்டப் பாரு" என்றார். வெட்கம் அவருக்கு.

இப்படி எத்தனையோ நாள் நடந்தோம். வயிறும் பெரிதாகி, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்த சமயம். ஆடி மாசம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசினிக் கதவில் துணி தொங்கியது. இறங்கிக் கொஞ்ச தூரம் போயிருப்போம், மழை பிடித்துக்கொண்டது. திரும்பிவிடலாமா என்று நான் கேட்டேன். "குடைதான் இருக்குல்ல, கொஞ்சம் நட. நடக்காம விட்டா கால் வீக்கம் வத்தாது" என்றார். குடையை விரித்து முழுவதையும் என் பக்கமே சாய்த்துப் பிடித்தார். அவருடைய ஒரு தோள் நனைந்துகொண்டே வந்தது.

மழை பெய்தால் டென்னிஸ் விளையாடமாட்டார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரிகிற விஷயம். ஆனால் நாங்கள் மழையிலும் கொழுந்து எடுக்கிற ஆட்கள். மழை வந்தால் ஒரு வேலை நின்றுபோகும் என்பது எங்கள் இரண்டு பேரில் ஒருத்தர் மூளைக்கும் எட்டவில்லை.

கார் சத்தம் வளைவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஓடி மறைய இடமில்லை. ஒரு பக்கம் மலைச்சரிவு, ஒரு பக்கம் கான். கானில் தண்ணீர் சிவப்பாகச் சுழித்துக்கொண்டு ஓடியது. அவர் இடது கை தலைத் துண்டை இழுத்தது. கால் இரண்டும் அவரைக் கேட்காமலே கானுக்குள் இறங்கிவிட்டன. முழங்கால் வரைக்கும் தண்ணீர். ஆனால் வலது கையில் குடை இருந்தது. குடைக்குக் கீழே நான் இருந்தேன். குடையை மடக்கினால் நான் நனைவேன்.

அவர் மடக்கவில்லை. கானுக்குள் நின்றுகொண்டு, உடம்பை எட்டுகிற மட்டும் வளைத்து, கையை நீட்டி, குடையை என் தலைக்கு மேலேயே பிடித்திருந்தார். குடைக் கம்பியிலிருந்து தண்ணீர் அவர் மொட்டைத் தலையில் கொட்டியது. அந்த ஆடியில்தான் அவர் கோயிலில் மொட்டை போட்டிருந்தார், எனக்கு நல்லபடி பிரசவமாக வேண்டும் என்று.

கார் எங்களைத் தாண்டும்போது வேகம் குறைந்தது. கண்ணாடிக்குள் துரையின் முகம் தெரிந்தது. விரித்த குடையைப் பார்த்தாரா, என் வயிற்றைப் பார்த்தாரா, தெரியவில்லை. கார் போய்விட்டது.

இவர் கானை விட்டு ஏறவில்லை. குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்துட்டீல்ல" என்றார்.

"நான் முன்னாடியே பாத்துட்டேனுங்க."

தலையை நிமிர்த்தினார். "எப்ப?"

"போன வருஷம். மேல கொழுந்தெடுக்கயில."

அவர் நெற்றி சுருங்கியது. ஒன்றொன்றாக யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"அதுக்கு அப்புறமும் ஆத்தோரம் வந்தியே. அட்டை கடிச்சு ரத்தம் ஒழுகுச்சே. அப்பவும் நல்லா இருக்குன்னு சொன்னியே?"

"நீங்க கூட்டிட்டுப் போனீங்க, வந்தேன்."

அழுதுவிட்டார். ஆண்பிள்ளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தரம். மழையில் தெரியாது என்று நினைத்திருப்பார். எனக்குத் தெரிந்தது. எனக்கு அவர் மேல் அந்த நிமிஷத்தில் இருந்த ஆசை கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். எங்கள் காலத்தில் அதையெல்லாம் யார் வாயால் சொன்னார்கள்? "மேல ஏறி வாங்க, சளி பிடிச்சிக்கும்" என்று கையை நீட்டினேன். நீட்டிய கையைப் பிடித்து ஏறினால் நான் விழுந்துவிடுவேன் என்று, கையைத் தொட்டுவிட்டு மட்டும் தானாக ஏறி வந்தார்.

மறுநாள் எங்களுக்குப் பயம்தான். விரித்த குடையோடு நின்றதற்கு எத்தனையோ பேர் வேலையை விட்டே போகும்படி ஆகியிருக்கிறது என்று அக்கா வேறு அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார். சாயங்காலம் இவர் வீடு திரும்பும் வரைக்கும் எனக்கு உயிர் கையில் இல்லை. வந்தார். துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டார். தேத்தண்ணி குடித்தார். பிறகுதான் சொன்னார். துரைக்குக் கீழே வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஸ்டோர் வாசலுக்கே வந்து கூப்பிட்டாராம்.

"நேத்து துரை கார் வரயில குடையை விரிச்சபடி நின்னியாமே?"

"ஆமாங்கய்யா."

"ஏன்டா மடக்கல?"

"கொடைக்குள்ள பொஞ்சாதி நின்னாங்கய்யா. நெறமாசம்."

கண்டாக்கு கொஞ்ச நேரம் பார்த்தாராம். பிறகு, "சரி, போய் வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். துரை சொல்லிக் கேட்டாரா, தானாகக் கேட்டாரா, அது கடைசிவரைக்கும் தெரியவில்லை. இதைச் சொல்லி முடித்துவிட்டு இவர் தன் பதிலையே தானே இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. சாப்பிட்டதும் துண்டைத் தலையில் கட்டினார். குசினிக் கதவில் துணி தொங்குகிறதா என்று பார்க்கப் போகவில்லை. பங்களா ரோட்டில் இறங்கினார். நான் பக்கத்தில் நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் எதிரில் கார் வந்தது. அந்தத் தடவை அது வரும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது. துரை கிளப்புக்குப் போகிற நேரம் அது.

அவர் ஓரமாக ஒதுங்கினார். கானின் விளிம்புப் புல் வரைக்கும் போனார். அங்கே நின்றார். கை தலைத் துண்டு வரைக்கும் போய், காதைச் சொறிந்துவிட்டுக் கீழே வந்தது. அவருடைய கால் இரண்டும் வேட்டிக்குள் வெடவெடவென்று நடுங்கின. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது. நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தேன். வீட்டில் கத்தரிக்காய் வாடிக் கிடக்கிறது, இன்றைக்கே சமைத்துவிட வேண்டும், போன தரம் புளி கூடிப்போனது, இந்தத் தரம் குறைத்துப் போடுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். கார் கிட்டே வந்தது.

"ஏங்க, கத்தரிக்காய்க்குக் கருவாடு போடட்டுமா, வேணாமா?" என்று கேட்டேன்.

கார் எங்களைத் தாண்டியது. வளைவில் திரும்பியது. அதன் சத்தம் மெல்லக் குறைந்து, சுத்தமாகக் கேட்காமல் போனது. அவர் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"போடு" என்றார்.